எட்டு விரல் பாட்டின் கதை

கண்ணு,

இது உன் கைக்கு வந்து சேரும்போது உன் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை பெங்களூருக்குப் போட்டேன். நீ எடுத்து, "சொல்லுங்கப்பா" என்பாய். நான் பந்தல்காரர் வந்துபோனதையும், சமையலுக்கு ஆள் பேசியதையும், உன் மாமன் எந்தக் கரை வேட்டி கேட்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். மூன்றாம் முறை வைத்தபோது உன் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "வாயில வராட்டி எழுதியாச்சும் போடுங்க" என்றாள். நம் கிணற்று மோட்டார் கம்பெனி லெட்டர்பேடில் கொட்டேஷன் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பாட்டுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதே. உனக்கு ராக் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில் நான் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்று நீ நினைத்திருப்பாய். பாட்டு எனக்குப் பிடிபடவில்லை என்பது உண்மைதான். லேத்தில் பேரிங் போய்விட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து போன நாளெல்லாம் உண்டு. ஆனால் நீ சாப்பாட்டு மேசையில் சொன்ன கதைகள் எனக்குப் பிடித்திருந்தன. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவாய். எந்தப் பாட்டு எதனால் பிறந்தது என்று ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பாய். ஒருவன் ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பாட்டு, ஊர் மில் மூடிய வருஷம் ஒருவன் எழுதிய பாட்டு, இப்படி வாரத்துக்கு ஒரு கதை. ஹிப் ஹாப் எப்படி வந்தது என்று நீ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வசதியில்லாத கறுப்பினப் பையன்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்து, ரெக்கார்டைச் சுழல விட்டு, அந்தத் தாளத்தில் தங்கள் பாட்டைப் பேசினார்கள் என்றாய். "ஈபிகாரன் வந்து ஃபியூஸைப் புடுங்க மாட்டானா?" என்று நான் கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது.

மேடையிலும் நீ அப்படித்தான் என்று சொன்னார்கள். கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கதையை இரண்டு நிமிஷம் சொல்வாயாம். கதை தெரியாத பாட்டு பாதிப் பாட்டு என்பது உன் கட்சி. அது சரியான பேச்சுதான். ஆனால் அந்தப் பழக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் சென்னியப்பனை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நம் பட்டறை ஸ்டோரில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தவர், உன் கூட்டாளி குமரேசனின் அப்பா. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. நீ பார்த்தபோதெல்லாம் அப்படித்தான் இருந்தார். அதற்கு முன் அவர் பவர் பிரஸ் ஓட்டினார், மோட்டாருக்குள் அடுக்குகிற தகடுகளை வெட்டுகிற மெஷின். அவரைப் போலத் தகடு வெட்டக் கோயமுத்தூரில் பத்துப் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். குமரேசன் மார்க்கிலேயே சீட் வாங்கி உன் காலேஜுக்கு வந்தான். நீ அவனைக் கூட்டிக்கொண்டு திரிந்தாய். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும் என்பதால் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த அறையை உங்கள் பாட்டுக் குழு நாலு பேருக்கும் பிராக்டிஸ் பண்ணக் கொடுத்தேன். முதலாளி பையனும் ஸ்டோர்காரர் பையனும் ஒரே மைக்கில் பாடுகிறார்களே என்று நான்கூட வெளியே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்று ஐந்தில், காலேஜ்களுக்கு நடுவே நடந்த அந்தப் பாட்டுப் போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஏதோ பில் புக்கை எடுக்கப் பட்டறைக்கு வந்தேன். குமரேசன் குரல் கேட்டது. இங்கிலீஷ் இல்லை. நம் ஊர்ப் பேச்சிலேயே, தாளத்துக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"எட்டு வெரலுங்க எங்கப்பனுக்கு,
எண்ணிப் பாருங்க எட்டுத்தானுங்க.
மிச்சம் ரெண்டும் எங்க போச்சுங்க?
மோட்டாருக்குள்ள சுத்துதுங்க.
எந்தத் தோட்டத்துக் கெணத்துலீங்க
இப்பத் தண்ணி எறைக்குதுங்க?"

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பின் உன் கிட்டார் வந்தது. கண்ணு, வாழ்க்கையில் முதல் தடவையாக உன் இசை எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பில் புக்கை எடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது நீ என்னிடம் கேட்டாய். "அப்பா, குமரேசன் அப்பாவுக்கு வெரல் எப்படிப் போச்சுங்க? அவனுக்கே சரியாத் தெரியலை, இன்னைக்கு அவங்கப்பாகிட்டக் கேக்கறேங்கறான். பாட்டுக்கு முன்னாடி அந்தக் கதைய நான் சொல்லோணும்." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்துச் சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன், "கவனக்குறைவுதாங் கண்ணு. பேச்சு வாக்குல ஓட்டிப்போட்டாரு." நீ இடது கையாலேயே நீல நோட்டை இழுத்து அதைக் குறித்துக்கொண்டாய்.

நடந்தது வேறு. நீங்கள் இரண்டு பேரும் மூன்றாம் வகுப்பில் இருந்த கோடை அது. மழை பொய்த்து, கிணறெல்லாம் ஆழம் போய், பெரிய மோட்டாருக்கு உடுமலையிலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் ஆட்கள் பட்டறை வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு இரும்புக் கூண்டு உண்டு. கை உள்ளே போகாதபடி தடுக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டும், நேரம் பிடிக்கும். நான் சென்னியப்பன் பக்கத்தில் போய் நின்று, "ஏனுங்க, அந்தக் கூண்டக் கழட்டிப்போட்டு ஓட்டிப் பாக்கலாமுங்களா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "பாக்கறேனுங்க" என்றார். நாலாம் நாள் விரல் போனது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். பதினைந்து நாள் என் வீட்டுச் சாப்பாடு போனது. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தேன். இதையெல்லாம் ஊர் மெச்சியது, நானும் மெச்சிக்கொண்டேன். கூண்டை நான் கழற்றச் சொல்லவில்லையே, கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்கத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தன் தப்பு என்றே சொன்னார்.

நம் ஊரில் மரியாதையான பேச்சு என்று பெருமையாகச் சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்கள் நம் ஆட்கள் திட்டினால்கூட இனிக்கிறது என்பார்கள். அந்த இனிப்பு யாருக்கு என்று நான் யோசித்ததே இல்லை. உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன். "இதைச் செய்யலாமா?" என்று உன் மனைவியிடம் நீ தன்மையாகக் கேட்பாய், அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறோம். அவளால் முடியாது என்று சொல்ல முடிகிறதா என்று பார். சொல்ல முடியாத இடத்தில் நின்று கேட்டால் அது கேள்வியே இல்லை. அந்தக் கேள்வியை நான் முப்பது வருஷம் பட்டறையிலும் கேட்டேன், வீட்டிலும் கேட்டேன். உன் அம்மாவைக் கேட்டால் அவளும் நாலு சம்பவம் சொல்வாள்.

திங்கட்கிழமை காலேஜிலிருந்து வந்து நீ ஒரு வார்த்தை சொன்னாய். "நீங்க சொன்னதக் குமரேசன்கிட்டச் சொன்னேன்ப்பா. அவன் அப்படியான்னு கேட்டுட்டு, மேல ஒண்ணும் பேசலை." எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் அவன் தன் அப்பாவிடம் கதை கேட்டிருக்கிறான், அவர் மகனிடம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை போட்டி. சரவணம்பட்டிப் பக்கத்துக் காலேஜ் மைதானம், ஊரிலிருக்கிற பட்டறை முதலாளிகளின் பிள்ளைகள் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டில் என் பெயர் இல்லை. பாட்டுக்கு முன்னால் சொல்லுகிற கதையில்தான் நான் இருந்தேன். அதைவிட, நீ அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு சீப்பு பூவன்பழமும் அரைக் கிலோ மைசூர்பாவும் வாங்கிக்கொண்டு கணபதிப் பக்கம் இருந்த சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டார். அவர் வீட்டம்மா காப்பி கொடுத்தார். நான் உடம்பு விசாரித்தேன், குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்றேன், குமரேசன் மார்க்கை மெச்சினேன். கடைசியில், "நல்லாப் படிக்கற பையனுங்க. இந்தப் பாட்டுக் கூத்து எல்லாம் அவனுக்குத் தேவையாங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்க, மனசுல பட்டதுங்க" என்றேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையே இல்லை, முதலாளி வீடு தேடி வந்திருக்கிறார். சென்னியப்பன் அந்தக் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, "பையனுக்குச் சொல்லீர்றனுங்க" என்றார். கோபத்தில் வந்து கத்தியிருந்தால்கூட அவர் ஒரு பதில் சொல்லியிருப்பார். நான் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

குமரேசன் உள் அறையில் இருந்திருக்கிறான். நான் காரில் ஏறும்போது பின்னாலேயே வந்தான்.

"நான் மேடையில சொல்ல மாட்டேனுங்க. உங்க பையன்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. எங்கப்பாவ மட்டும் வேலைய உட்டு நிறுத்தீராதீங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேச்சே, நான் அப்படிச் சொன்னனா கண்ணு?" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.

மறுநாள் அவன் உங்களிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். காரணம் கேட்டாய், படிக்க வேண்டும் என்றான். அவன் குரல் இல்லாமல் போட்டிக்குப் போக முடியவில்லை. மேடைக்குப் பயந்து கடைசி நேரத்தில் கழுத்தறுத்துவிட்டான் என்றுதான் நீ நினைத்தாய். உன் மேல் தப்பில்லை, யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் காலேஜ் வாசலில் பத்துப் பேர் நடுவில் அவனிடம் நீ ஒன்று சொன்னாய். சொன்னதை வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொன்னாய், ஆத்திரம் அடங்காமல். "எங்கூட்டுச் சோத்துல வளந்தவன்தானே, வேற எப்படி இருப்பான்னு கேட்டுட்டேன்." உன் அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை நீ எந்தப் பத்திரிகையிலும் படித்திருக்க மாட்டாய், நம் வீட்டுக் காற்றில்தான் இருந்திருக்கிறது. அந்த நிமிஷம் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "அவன் பயப்படலை, நான் பயந்தேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்குப் பின் நீ பாடி நான் கேட்கவில்லை. நீல நோட்டு எங்கே போனது என்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் படித்தாய், பெங்களூருக்குப் போனாய், கை நிறையச் சம்பாதிக்கிறாய். பையன் திருந்திவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். நீ பேசுவதும் குறைந்துபோனது. சாப்பாட்டு மேசையில் கதை சொன்ன பையன் போனில் ஆமாங்க, சரிங்க என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறான். அதை நான்தான் செய்தேன். நாலு வருஷமாகத் தினமும் இது உறுத்துகிறது என்று சொன்னால் பொய். வேலை இருக்கும் நாட்களில் மறந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்று பட்டறை அமைதியானால் மட்டும் உட்கார முடியவில்லை.

கல்யாணத்துக்கு நீ அனுப்பிய நண்பர்கள் பட்டியலில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். குமரேசன் இல்லை. உன் அம்மா பட்டியலை என் முன்னால் வைத்து, "சென்னியப்பன் ஊட்டுக்குப் பத்திரிகை வெக்க நேர்ல போகாம இருந்தா நல்லாயிருக்குமுங்களா?" என்றாள். பத்திரிகையைத் தபாலில் போட்டால் நம் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு வீட்டுக்குப் போய் வைக்க வேண்டும். அவர் வேலையை விட்டு இரண்டு வருஷமாயிற்று, பெருந்துறையில் மகனோடு இருக்கிறார். போகிற வழியில் காரில் வைத்துத்தான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் பையன்கிட்டயும் சொல்லிப்போட்டு வாங்க. இல்லாட்டி நான் தட்டத் தூக்க மாட்டேன்" என்றாள்.

சென்னியப்பன் நன்றாக இருக்கிறார். குமரேசன் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். கூண்டு இல்லாமல் ஒரு பிரஸ்ஸைக்கூட ஓட்ட விடமாட்டானாம், மேனேஜரோடு சண்டையே போட்டிருக்கிறானாம். இதை அந்த மனிதர் என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறார், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். அல்லது இருந்துதான் சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் கூண்டைப் பற்றிச் சொன்னேன், நான்தான் கழற்ற வைத்தேன், அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்ததும் அதற்காகத்தான் என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் எதுக்குங்க இப்ப, காப்பி ஆறுதுங்க" என்றார். கோபித்துக்கொள்வதற்குக்கூட அவருக்கு நான் இடம் வைத்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் அம்மா பார்க்காதது போல் இருந்தாள்.

அப்போது குமரேசன் ஷிப்ட் முடிந்து வந்தான். இளைத்திருக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறான். அவனிடமும் சொன்னேன். உன்னிடம் ஏன் கடைசிவரை சொல்லவில்லை, அவ்வளவு பேர் முன்னால் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டும் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவன் கைகால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"அவன் நீங்க சொன்னத அப்படியே நோட்டுல எழுதி வெச்சிருந்தானுங்க. எங்கிட்டக் காட்டினான். உங்களைப் பத்தி, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னான். நான் எதைன்னுங்க சொல்றது?"

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதும்கூடப் பழைய பழக்கம்தான், மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஆனால் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

"மன்னிக்கறது எங்கப்பா பாடுங்க. எனக்கு எங்கூட்டாளி வேணுமுங்க" என்றான்.

பத்திரிகையை அவன் தொடவில்லை. நீயே வந்து கூப்பிட்டால் கல்யாணத்துக்கு வருவேன் என்று தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

கண்ணு, இதுதான் அந்தப் பாட்டின் கதை. நீ நோட்டில் எழுதியது தப்பு. உன் அப்பா பொய் சொன்னார். அவன் கழுத்தறுக்கவில்லை, உனக்கு ஒரு அப்பா இருக்கட்டும் என்று நீ சொன்ன சொல்லையெல்லாம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான். நீ அவனிடம் சொன்ன சொல்லுக்கு நான்தான் காரணம், இருந்தாலும் சொன்னது உன் வாய். அதை நான் போய்த் திருப்பி எடுக்க முடியாது. எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவதாகச் சொன்னாய். அது பெருந்துறை வழியாகத்தான் வரும். விடிந்ததும் அங்கே இறங்கிவிடு. சனிக்கிழமை அவனுக்கு மத்தியான ஷிப்ட்தான், விசாரித்து வைத்திருக்கிறேன். உன்னை அழைத்துப்போக நான் வரமாட்டேன், காரும் அனுப்ப மாட்டேன். அங்கே போய் உட்கார், அவன் திட்டினால் திட்டு வாங்கு. வீட்டுக்கு வருவதா, என் முகத்தில் விழிப்பதா என்பதையெல்லாம் அதற்கப்புறம் யோசித்துக்கொள். நீ வந்து ஒரு முடிவு சொல்கிறவரை, மணவறைக்குப் பக்கத்தில் எனக்கென்று போடப் போகிற நாற்காலியில் நான் உட்காரலாமா கூடாதா என்று எனக்கும் தெரியாது.

அப்பா